பொருளை உரைப்பார் யார்?

'திங்கள்' என்னுஞ் சொல்லைக் கேட்ட தமிழர், அது வானத்து மதியோ, ஆண்டின் ஒரு கூறோ, வாரத்தில் ஒரு நாளோ என்பதை இடம் நோக்கி உணர்வர். கணினிக்கோ அது வெறும் எழுத்துநிரை. இணையத்திற் குவிந்துள்ள பக்கங்களின் பொருளைக் கணினிக்கு எவ்வாறு உணர்த்துவது? இவ்வினாவிற்கு அறிஞர் மூன்று நெறிகளைக் கண்டுள்ளனர்.

பொருளை ஐயமற எழுதிவைத்தல் முதல் நெறி. உலகளாவிய வலையை 1989இல் முன்மொழிந்த ரிம் பேர்ணேர்ஸ்-லீ இதனைப் பெரிதும் வற்புறுத்தினார். 1999இல் வகுக்கப்பெற்ற ஆர். டி. எவ். முறையில் ஒவ்வொரு செய்தியும் 'சூடாமணி நிகண்டு, ஆசிரியர், மண்டலபுருடர்' என்றாற்போல மூன்றுறுப்பாக அமையும். முறை செவ்விது, ஆயினும் அத்துணை உழைப்பை ஏற்பார் சிலரே. ஆதலின் 2011இல் கூகிள், மைக்ரோசொவ்ற், யாகூ ஆகிய நிறுவனங்கள் கூடி, நூல், ஆள், இடம், நிகழ்ச்சி முதலியவற்றைக் குறிக்கும் எளிய சொற்றொகுதியொன்றை 'ஸ்கீமா' என்னும் பெயரால் வெளியிட்டன. இஃது இரண்டாம் நெறி.

மூன்றாம் நெறி உரைப்பாரையே வேண்டாது. ஒரு சொல் எச்சொற்களின் அருகே வருகின்றதென எண்ணிறந்த வாக்கியங்களில் நோக்கி, அதன் பொருளை எண்களால் ஊகிக்கும். 2013இல் கூகிள் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முறை இதற்குப் பெருவழி திறந்தது. இன்றைய உரையாடும் பொறிகள் இந்நெறியின் வளர்ச்சியே.

இதன் ஆற்றலை நாம் குறைத்துரையோம். ஆயினும் எழுத்துக் குவியல் மிக்க மொழியிலேயே ஊகம் செவ்வையாக அமையும். தமிழில் அது தடுமாறும். தடுமாறியதையும் துணிவுடனே கூறும். நம் ஊர்ப்பெயரும் புலவர் பெயரும் பிறிதொன்றாக மயங்கின், சான்று காட்டித் திருத்துவார் யார்?

நம் முன்னோர் இவ்விடரை அறியாதாரல்லர். மேற்கூறிய நிகண்டு, பெயர்களைப் பொருள்வகையால் தொகுத்ததோடு, ஒருசொற் பல்பொருளுக்கெனத் தனித் தொகுதியும் வகுத்தது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவும் அத்தகைய பணியையே செய்கின்றது. வானத்துத் திங்களுக்கு அதில் 'கியூ 405' என ஓர் எண். மாதத்திற்கும் வாரநாளுக்கும் வேறு எண்கள். அவ்வெண்ணின்கீழ் எம்மொழியிலும் பெயரெழுதலாம். செய்திக்குச் சான்றுங் காட்டலாம்.

ஊகமும் வேண்டும், உரையும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஊகத்தை நிறுவனங்கள் கவனித்துக்கொள்ளும். உரைக்குங் கடன் அறிந்தோர்க்கே உரியது. நம் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குளம், கோயில், நூல் என ஒன்றையேனும் பெயருஞ் சான்றும் பொருந்த அங்கே பதிந்துவைப்பாராக. அவ்வாறு செய்யின், நாளைய பொறிகள் நம்மைப் பற்றி ஊகிக்க வேண்டியதில்லை, நம்மிடமே கற்றுக்கொள்ளலாம்.