சவர்க்கார விலையில் நம் வரி

"நாம எங்கே சேர் வரி கட்டுறோம்?" பெரட்டுக்களத்தில் ஓர் அக்கா கேட்டார்.

அக்கா, நீங்கள் வாங்கும் சவர்க்காரத்தின் விலைக்குள்ளேயே வற் வரி இருக்கிறது. 2019இல் அதை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வருமான வரியையும் குறைத்தார்கள். அரச வருமானம் சரிந்தது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. 2024இல் வற் வரி 18 ஆனது. வருமான வரி ஆளின் வசதியைப் பார்க்கும். வற் வரி பார்க்காது. துரைக்கும் நமக்கும் ஒரே வீதம்.

விலைக்குள் மறைந்த வரிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் அரசாங்க வேலையும் ஒழுங்காக நடக்காது. தோட்டங்களுக்குச் செலவழிக்கத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டம், மலையகம் விடாமல் கேட்ட பிறகே 2018இல் திருத்தப்பட்டது.

தோழர்களே, தண்ணீர், பாதை, ஆசிரியர் எல்லாவற்றுக்கும் நாம் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டோம். பிரதேச சபையிலும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கணக்குக் கேட்போம்.