பள்ளி வாசலில் பழ மணம்



சென்ற மாதம் நலக்கல்விப் பாடத்தில் வெண்சுருட்டின் படத்தைக் காட்டி, அதன் கேடுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், எங்க அப்பா இத விட்டுட்டாரு. இப்ப வேப்தான். காடி முழுக்க மாம்பழ வாசம்!" என்றான். அவன் முகத்தில் அத்தனை பெருமை. எனக்கோ அடுத்த வாக்கியம் வரவில்லை.

அந்தத் தந்தையை நான் குறை கூறவில்லை. பிள்ளையின் நலன் கருதித்தான் அவர் வெண்சுருட்டைக் கைவிட்டிருப்பார். வேப் வெளியிடுவது வெறும் நீராவி என்றே பெற்றோர் பலரும் நம்புகின்றனர். அஃது உண்மையன்று. அதில் நிக்கோட்டினும், புரோப்பிலின் கிளைக்கோலும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களும் உள்ளன. வெண்சுருட்டுப் புகையைவிட நச்சு குறைவாக இருக்கலாம். ஆயினும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியை முடுக்கிய காடிக்குள், பின்னிருக்கையில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை அதைச் சுவாசிக்காமல் வேறு எதைச் சுவாசிக்கும்?

நான் ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தவள். பால்மரம் வெட்டிய என் தாத்தா சுருட்டுப் பிடிப்பவர். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் சுருட்டோடு நுழைந்தால் பாட்டி விடமாட்டார். லயத்து வீட்டின் வாசற்படியில்தான் தாத்தா அமர வேண்டும். பாட்டிக்கு நிக்கோட்டின் என்ற சொல்லே தெரியாது. நெடிதான் அவருக்கு எச்சரிக்கை. இன்று நாம் தோட்டங்களை விட்டு டுரியான் துங்கால், பாயா ரும்புட் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டோம். வாசற்படியும் போயிற்று, நெடியும் போயிற்று. மாம்பழமும் ஸ்ட்ராபெரியும் மணக்கும்போது எந்தப் பாட்டி விரட்டுவார்?

சட்டத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 31-ஆம் நாள் வேப் திரவ நிக்கோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தோருக்கு வேப் விற்பதைத் தடுக்கும் புதிய சட்டமோ 2024 அக்டோபர் முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு நம் பிள்ளைகளுக்கு வேலியே இல்லை. 2022-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயதுடைய மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் வேப் பிடிப்பதாகத் தெரியவந்தது. 2017-இல் அது பத்தைக்கூட எட்டவில்லை. நாம் ஆறாம் ஆண்டு முடித்து அனுப்பும் பிள்ளைகள்தாம் அவர்கள்.

பள்ளி வளாகத்தில் புகைக்கக் கூடாது. வேப்புக்கும் அதே தடைதான். ஆனால், சட்டம் நம் காடிக்குள் ஏறி உட்காரப் போவதில்லை.

ஆசிரியர்களாகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுப்பணிக்கு வந்து கூடாரம் அடிக்கும் தந்தையர், கழிப்பறைக்குப் பின்னால் ஊதுவதைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறோம். ஆள்பலம் வேண்டுமே! நானும் அப்படித்தான். அன்று மாலை அம்மாணவனின் தந்தையை வாசலில் கண்டேன். என்னைக் கண்டதும் கையிலிருந்ததைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, "வணக்கம் டீச்சர்" என்றார். வீட்டுப்பாடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னிடம் மறைத்தவர், மகனிடம் மறைக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

நாளையே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நிக்கோட்டினின் பிடி எளிதன்று. விட நினைப்போருக்கு அரசு சுகாதார நிலையங்களில் ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை. அதுவரையில் பிள்ளை ஏறும் காடியிலும் பிள்ளை உறங்கும் வீட்டிலும் வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிட்டு ஊதுவதும் போதாது. இருக்கைத் துணியிலும் படிந்துவிடும். பாட்டி சொன்ன வாசற்படிக்கே போங்கள்.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அந்தத் தந்தையும் வருவார் என்று நினைக்கிறேன். கூடாரம் அடிப்பவரே அவர்தான்.