முயலைக் கெடுத்த கைதட்டல்



ஆமை முயலை வென்ற கதையைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் யார்? ஈசாப் சொன்னதாக வழங்கும் அக்கதையின் முடிவு பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையைக் காட்டி நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் வால்ட் டிஸ்னி. அவருடைய 'ஆமையும் முயலும்' என்னும் வண்ணக் கார்ட்டூன் குறும்படம் 1935 ஜனவரியில் வெளிவந்தது. வில்ஃப்ரெட் ஜாக்சன் இயக்கிய அப்படம், அவ்வாண்டு நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த கார்ட்டூனுக்கான பரிசையும் பெற்றது.

"அது சிறு பிள்ளைகள் பார்க்கும் படம்" என்று ஒதுக்குவோர் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். பழைய கதையில் முயல் தூங்கித் தோற்றது. படத்திலோ மாக்ஸ் என்னும் முயல் தூங்குவதுபோல் பாசாங்குதான் செய்கிறது. டோபி என்னும் ஆமை ஓசைப்படாமல் கடந்து போனதும், துள்ளி எழுந்து நொடியில் முந்திவிடுகிறது.

அப்படியானால் அது தோற்றது எங்கே? ஒரு பெண்கள் பள்ளியின் வாசலில்! அங்குள்ள முயல் மாணவியரைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி வித்தை காட்டத் தொடங்குகிறது. பேஸ்பால் பந்தைத் தானே வீசி, தானே அடித்து, தானே பிடிக்கிறது. டென்னிஸில் இந்தப் பக்கம் அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடி, தன் பந்தைத் தானே திருப்பி அடிக்கிறது. எந்த நடிகராலும் இயலாத இவ்வேகத்தைத் தூரிகையும் வண்ணமும் காட்டிவிடுகின்றன. எல்லைக்கோட்டருகே ஆமைக்காக எழும் ஆரவாரம் காதில் விழுந்த பிறகே முயலுக்குப் பந்தயம் நினைவு வருகிறது. காற்றாய்ப் பறந்து வருகிறது. என்ன பயன்? டோபி தன் கழுத்தை நீட்டி வென்றுவிடுகிறது!

ஆக, முயலைக் கெடுத்தது சோம்பல் அன்று, புகழாசை. திறமை இல்லாதவரைவிடத் திறமை உள்ளவருக்கே இந்த ஆபத்து அதிகம் என்பதைப் படம் உபதேசம் செய்யாமல் உணர்த்துகிறது. அதுவே அதன் சிறப்பு.

எனினும் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. பெண்கள் பள்ளி என்றால், நின்று வியந்து கைதட்டுவதுதான் அதன் வேலையா? டிஸ்னியின் படக்கூடம் இருந்த அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான் 1932-இல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அங்கே பேப் டிட்ரிக்சன் என்ற அமெரிக்கப் பெண் தடை ஓட்டம், ஈட்டி எறிதல் இரண்டிலும் தங்கம் வென்றார். அந்த ஊரில் படம் வரைந்தவர்கள், முயல் மாணவி ஒருத்தியின் கையில் ஒரு மட்டையைக் கொடுத்திருக்கலாகாதா? மாக்ஸுக்கு எதிரே ஆட ஓர் ஆளும் கிடைத்திருக்கும், எங்கள் மனமும் குளிர்ந்திருக்கும்!

தோழியரே, வாய்ப்புக் கிடைத்தால் இப்படத்தை அவசியம் பாருங்கள், மனம்விட்டுச் சிரியுங்கள். ஆனால் அடுத்த விளையாட்டு விழாவில் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். ஓடத் தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கத் தெரிந்தவரும் பெயர் கொடுங்கள். டோபிக்கும் அவ்வளவுதானே தெரிந்திருந்தது!