மூடுவதற்கு முன் பாருங்கள்

மும்பையில் இன்று பால்ஸ் சீலிங் போடாத கடையைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. தாராவியில் தையல் கூடம் நடத்துபவரும், செம்பூரில் மருந்துக் கடை வைத்திருப்பவரும், தானேயில் புதிதாக பிளாட் வாங்கியவரும் காண்டிராக்டரிடம் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். அடுத்த கேள்வி, எத்தனை விளக்கு வரும் என்பது. பலகையைத் தாங்கப் போகும் இரும்பு எப்படிப்பட்டது என்று கேட்பவர் மிகக் குறைவு.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள ஜிப்சம் பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ எடை இருக்கும். பத்துக்குப் பத்து அடி அறைக்குக் கணக்கிட்டால் சுமார் 75 கிலோ வருகிறது. நன்கு வளர்ந்த ஓர் ஆள் எப்போதும் தலைக்கு மேலே படுத்திருப்பதற்குச் சமம் இது. அவரைத் தாங்குவது பலகை அல்ல. பலகைக்கு மேலே, கண்ணில் படாமல் இருக்கும் மெல்லிய இரும்புச் சட்டம்தான்.

முன்பெல்லாம் மரச் சட்டம் அடித்து உட்கூரை போட்டார்கள். மரத்தைக் கரையான் அரித்தது. ஈரத்தில் முறுக்கிக் கொண்டது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த பட்டிகள் வந்த பிறகு வேலை சுலபமாயிற்று, எடையும் குறைந்தது. ஆனால் தகடு மெல்லியதாக இருப்பதால், அளவிலும் இடைவெளியிலும் சிறிது ஏமாற்றினாலும் பலம் போய்விடும்.

முறையான வேலை எப்படி இருக்க வேண்டும் என்பது ரகசியமல்ல. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலை விவர அட்டவணையிலேயே அது வரிவரியாக இருக்கிறது. கான்கிரீட் தளத்தில் 1200 மில்லிமீட்டருக்கு ஒன்றாக கிளீட் எனும் இரும்புத் துண்டை விரியும் இரும்பு போல்ட்டால் பொருத்த வேண்டும். அதிலிருந்து ஆங்கிள் பட்டி தொங்கும். அதன் கீழ்முனையில் 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள இடைச்சானல். அதற்குக் குறுக்காக, 450 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, அதாவது ஒன்றரை அடிக்கு ஒன்றாக, 0.5 மில்லிமீட்டர் கனமுள்ள சீலிங் செக்‌ஷன். சுவரைச் சுற்றி விளிம்புச் சானல். துத்தநாகப் பூச்சு இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம்.

நடைமுறையில் நடப்பது என்ன? ஒன்றரை அடி இடைவெளி இரண்டடியாகிறது. ஆங்கிளுக்குப் பதிலாக வெறும் கம்பியை முறுக்கிக் கட்டுகிறார்கள். இரும்பு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பிளக்கும் திருகாணியும் போதும் என்கிறார்கள். பலகை ஏறி, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்று போலத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவது தொய்வு விழும்போதுதான்.

எந்த இடத்துக்கு எந்த வகை என்பதையும் யோசிக்க வேண்டும். வீட்டுக் கூடத்துக்கு மூடிய ஜிப்சம் சீலிங் அழகு. ஆனால் மேல்மாடிக் குளியலறையின் குழாய்கள் ஓடும் இடத்தில் அது தொல்லை. ஒழுகினால் பலகையையே வெட்டித்தான் பார்க்க வேண்டும். அங்கே 'டி' வடிவச் சட்டங்களில் இரண்டடிச் சதுரப் பலகைகளை வைக்கும் வகையே மேல். ஒரு பலகையைத் தூக்கினால் போதும், பழுது தெரிந்துவிடும்.

தடுப்புச் சுவருக்கும் இதே கதைதான். தரையில் ஒரு சானல், மேலே ஒரு சானல், நடுவே 'ஸ்டட்' எனும் நிமிர்ந்த சட்டங்கள். பலகையின் அகலம் நாலடி. ஆகவே ஸ்டட்டை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தினால்தான் பலகைகள் சேரும் இடம் இரும்பின் மேல் விழும். அலமாரியோ டி.வி.யோ மாட்டுவதாக இருந்தால், எந்த இடம் என்று முதலிலேயே சொல்லி, உள்ளே பிளைவுட்டோ கூடுதல் சட்டமோ வைத்துவிட வேண்டும். கிளினிக் நடத்துபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தடுப்பு கான்கிரீட் தளம் வரை போகாமல் பால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால், உள்ளே நோயாளி சொல்லும் அந்தரங்கம் வெளியே காத்திருப்பவர் காதில் விழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் ஒன்று இந்த நகரத்துக்கே உரியது. கடற்காற்றும் மழையும் சேர்ந்து பழைய கட்டிடங்களின் தளத்துக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு உப்புகிறது, கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. அதை மறைக்க பால்ஸ் சீலிங் போடுவோர் உண்டு. புண்ணுக்கு மருந்திடாமல் புதுச் சட்டை மாட்டுவது போன்ற காரியம் இது. பெயரும் தளத்தில் அடித்த போல்ட் எத்தனை நாள் பிடிக்கும்? முப்பது ஆண்டு கடந்த கட்டிடங்களுக்கு ஸ்ட்ரக்சரல் ஆடிட் வேண்டும் என்று மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவு சொல்கிறது. சோதிக்க வரும் பொறியாளரின் கண்ணுக்கே தளம் தெரியாவிட்டால், அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டால் காண்டிராக்டர் எங்கே குறைப்பார் என்று அவரைக் குறை சொல்பவர்களும் யோசிக்க வேண்டும். பலகையில் குறைத்தால் கண்ணில் படும். இரும்பில் குறைத்தால் படாது. விலையை மட்டும் பேசும் வாடிக்கையாளரும் இந்தத் தவறில் பங்காளிதான்.

பரிகாரம் கடினமானதல்ல. கொட்டேஷனில் "பால்ஸ் சீலிங்" என்ற ஒரே வரியை ஏற்கக் கூடாது. இரும்பின் கனம், இடைவெளி, தொங்கும் முறை, போல்ட்டின் வகை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சட்டம் நின்றதும், பலகை ஏறுவதற்கு முன், உரிமையாளர் நேரில் வந்து டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும். படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மின்விசிறியைக் கான்கிரீட் தளத்தின் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். சீலிங் சட்டத்தில் ஒருபோதும் மாட்டக் கூடாது. பழைய கட்டிடமாக இருந்தால் முதலில் தளத்தைச் சோதித்துப் பழுது பார்த்த பிறகே சீலிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

நேர்மையாக வேலை செய்யும் காண்டிராக்டர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார். முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. தளம் முழுவதும் மூடிய பிறகு கேட்கும் கேள்விக்குப் பயனில்லை. கேட்க வேண்டிய நேரம், இரும்பு கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரு நாள்தான்.