மழைக் கோட்டைக் குப்பையில் போடாதீர்கள்!

சேற்றில் புரண்ட வேட்டியைத் துவைக்காமல் யாராவது மறுபடி கட்டிக்கொள்வார்களா? மாட்டார்கள். ஆனால் மழைக் கோட்டு விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். 'துவைத்தால் அப்புறம் தண்ணீர் புகுந்துவிடும்' என்று ஒரு பயம்! அந்தப் பயந்தான் கோட்டுக்கு எமன் என்பது என் அபிப்பிராயம்.

என் தம்பிக்கு மோட்டார் சைக்கிளில் மலை ஏறும் பைத்தியம். அதற்கென்றே ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மழை ஜெர்கின் வாங்கினான். இரண்டு மழைக்காலம் அதைத் தண்ணீரில் நனைக்கவே விடவில்லை. காலரில் தலை எண்ணெய், முதுகிலே சேறு. பொறுத்துப் பார்த்த அம்மா, ஒரு நாள் அதைச் சோப்புத் தூளில் ஊறவைத்து, துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தில் அலசிக் காயப்போட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் வால்பாறை போனவன் தொப்பலாக நனைந்து திரும்பினான். மலைக் காற்றில் விரல்கள் விறைத்து, பிரேக் பிடிக்கவே தடுமாறினானாம். கொண்டை ஊசி வளைவுகளில் அது விளையாட்டா? "எல்லாம் நீ துவைத்ததால் வந்தது!" என்று அம்மா மேல் பாய்ந்தான். கடைக்காரரோ, "இது முடிஞ்சு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று கையை விரித்தார்.

வாஸ்தவத்தில் கோட்டு முடிந்து போகவில்லை!

உள்ளே நடப்பது என்ன?

1823-ல் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக் கோட்டு செய்தார். மழை உள்ளே வராது. வியர்வையும் வெளியே போகாது. 1969-ல் அமெரிக்கரான பாப் கோர், டெப்லானைச் சட்டென்று இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட படலமாக ஆக்கினார். அந்தத் துளையில் நீர்த்துளி நுழையாது. வியர்வையின் ஆவி மட்டும் வெளியேறிவிடும். இன்றைய நல்ல ஜெர்கின்கள் பலவற்றில் இத்தகைய படலம் ஒன்று உண்டு.

படலத்துக்கு வெளியே இருக்கும் துணிக்குத் தனியாக ஒரு பூச்சு. தாமரை இலைபோல் நீரை உருட்டிவிடுவது அதுதான். அழுக்கும் எண்ணெயும் அதை மூடினால் மேல்துணி நீரைக் குடித்துக் கனத்துப்போகும். வியர்வைக்கு வழி அடைபடும். உள்ளே ஈரம் கசியும். மழை புகுந்துவிட்டது என்று நினைக்கிறோம். பல சமயம் அது நம் வியர்வைதான்! வாசனைத் திரவமும், சரியாக அலசாத சோப்புத் தூளும் இதே கெடுதலைச் செய்கின்றன. துவைத்தது அம்மாவின் குற்றமல்ல. துவைத்த முறைதான் குற்றம்.

எப்படித் துவைப்பது?

முதலில் சேறு காயட்டும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஜிப்புகளை மூடுங்கள். வெதுவெதுப்பான நீரில், இதற்கென்றே விற்கும் திரவச் சோப்பைக் கொஞ்சமாகப் போட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம்.

வெறும் சோப்புச் சீவலே போதும் என்று மேல்நாட்டில் சொல்வதுண்டு. மென்மையான நீர் உள்ள ஊருக்கு அது சரி. நம் போர்க் குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாடியில் பிடித்த மழைநீர் இருந்தால் உத்தமம். இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துங்கள்.

உலர்ந்தபின், உள்ளே இருக்கும் சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு துண்டை விரித்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் சோர்ந்த பூச்சு மீண்டும் எழுந்து நிற்கும். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் சரி. ஊறினால் மட்டுமே புதுப் பூச்சுத் திரவம் தெளிக்க வேண்டும். சுத்தமான துணியில், காற்றோட்டமான இடத்தில் தெளியுங்கள். அழுக்கின்மேல் பூசுவது பாசி படிந்த சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போல!

சாதாரண பிளாஸ்டிக் மழைக் கோட்டுக்கு இந்த வைத்தியம் இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். இஸ்திரி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இனிமேல் இது அவசியம்

பழைய பூச்சுகளில் இருந்த புளோரின் ரசாயனங்கள் எண்ணெயையும் விரட்டின. ஆனால் அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் மக்குவதில்லை. எனவே கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான புதிய ஆடைகளில் அவற்றைத் தடை செய்தது. அந்த ரசாயனம் இல்லாத புதிய பூச்சுகள் நீரை விரட்டும், எண்ணெயிடம் தோற்றுவிடும். தலைக்கு எண்ணெய் தடவும் நம் நாட்டில் அடிக்கடி துவைப்பதே இனிப் பாதுகாப்பு.

இவ்வளவையும் யார் சொல்ல வேண்டும்? விற்பவர்தானே! உள்ளே தைத்த சீட்டில் எறும்பெழுத்தில் ஆங்கிலமும் நாலு பொம்மைகளும் இருந்தால் அம்மாவுக்கு எப்படிப் புரியும்? ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள், தமிழில் நாலு வரி அச்சிட்டுக் கொடுத்தால் குறைந்தா போவார்கள்?

தம்பியின் ஜெர்கினை நானே மழைநீரில் அலசி, இஸ்திரி போட்டு, பூச்சும் தெளித்தேன். இந்த வருஷம் அவன் மறுபடி வால்பாறை போனான். உலர்ந்த சட்டையோடு திரும்பினான். அம்மாவிடம் மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை!