திருத்தணியில் ஒரு காப்பி மேசை!

காலை நேரம். திருத்தணி ரெயில் நிலையம்.

சென்னைக்குப் போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. வாலிபர்களும் இளம் பெண்களும் அவசர அவசரமாக ஏறுகிறார்கள். தோளில் பை. கையில் செல்போன். பையில் சோற்று டப்பா.

எங்கே போகிறார்கள்? வேலைக்கு!

சென்னை சுமார் 85 கிலோ மீட்டர். போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வர இரண்டு மணி நேரம். வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிப் போயிருக்கும்.

"படித்த பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு பிழைப்பு இருக்கக் கூடாதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. அது ஒரு காப்பியில் தொடங்குகிறது.

சிரிக்காதீர்கள்! மேலே படியுங்கள்.

தனி மரம்

"ஸ்டார்ட்-அப்" என்ற சொல்லை இப்போது எங்கும் கேட்கலாம். அது என்ன?

புதிதாக ஒரு யோசனை. அதற்குக் கம்ப்யூட்டரின் துணை. சிறிதாகத் தொடங்கி வேகமாக வளரப் பார்க்கும் தொழில். அதுதான் ஸ்டார்ட்-அப். அரசாங்கம் இதைப் "புத்தொழில்" என்று தமிழில் சொல்கிறது.

திருத்தணியில் ஒரு வாலிபர் இப்படி ஒரு தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் நெசவாளர்கள் நிறைய. அவர்களுக்காகச் செல்போனில் கணக்கு எழுதும் வசதி ஒன்றை அவர் செய்கிறார். நூல் எவ்வளவு வந்தது, சேலை எத்தனை போனது, கூலி பாக்கி எவ்வளவு? எல்லாம் அதில் தெரியும்.

ஆறு மாதம் இரவு பகலாக உழைக்கிறார். பிறகு ஒரு தறிக்காரரிடம் கொண்டு போய்க் காட்டுகிறார்.

"தம்பி, கணக்கை என் பெண் நோட்டில் எழுதி விடுவாள். நூல் விலை அடுத்த வாரம் ஏறுமா, இறங்குமா? அதைச் சொல்ல வழி இருக்கா?" என்று தறிக்காரர் கேட்கிறார்.

ஆறு மாத உழைப்பும் வீண்!

இதே வார்த்தையை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருந்தால்? ஐந்தரை மாதம் மிச்சம்!

யார் சொல்வது? அவர் தனி மரம். வீட்டில் சொன்னால், "பேசாமல் ஒரு வேலைக்குப் போடா" என்கிறார்கள். நண்பர்களோ சென்னையில் இருக்கிறார்கள்.

தொழிலுக்கு முதல் எதிரி பணமுடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கும் முன்னால் வருவது இந்தத் தனிமை!

லண்டனில் ஒரு யோசனை

இந்தக் கஷ்டம் திருத்தணிக்கு மட்டும் அல்ல. லண்டனிலும் இருந்தது.

2007ஆம் ஆண்டு. சால் கிளைன் என்பவர் லண்டனில் ஒரு ஏற்பாடு செய்தார். தொழில் தொடங்குகிறவர்கள், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள், முதல் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு காப்பிக் கடையில் சந்திக்கலாம். அழைப்பிதழ் வேண்டாம். அந்தஸ்து வேண்டாம். காப்பி குடித்துக்கொண்டே பேசலாம். "திறந்த காப்பிச் சங்கம்" என்ற பொருள் வரும்படி இதற்குப் பெயர் வைத்தார்கள். இந்தப் பழக்கம் வேறு பல நாட்டு ஊர்களுக்கும் பரவியது.

2012ல் அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் இதேபோல் இன்னொன்று தொடங்கியது. காஃப்மன் அறக்கட்டளை இதைத் தொடங்கி வைத்தது. பெயர் என்ன தெரியுமா? "பத்து லட்சம் கோப்பை"!

புதன்கிழமை காலையில் கூடினார்கள். ஒருவர் எழுந்து தம் தொழிலைப் பற்றி 6 நிமிடம் பேசுவார். பிறகு 20 நிமிடம் கேள்விகள். கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம் உண்டு.

"உங்களுக்கு நாங்கள் என்ன உதவி செய்யலாம்?"

கூட்டத்தின் உயிரே இந்தக் கடைசிக் கேள்விதான்!

காப்பிக் கடையில் பிறந்த தொழில்

காப்பிக் கடைப் பேச்சால் தொழில் வளருமா? வளர்ந்திருக்கிறது!

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். 1688லேயே அந்தக் கடையைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. கப்பல் தலைவர்களும் வியாபாரிகளும் அங்கே வருவார்கள். எந்தக் கப்பல் வந்தது, எது மூழ்கியது என்று பேசுவார்கள். அந்தப் பேச்சிலிருந்து கப்பல் இன்சூரன்சு தொழில் வளர்ந்தது. அந்தக் காப்பிக் கடைக்காரரின் பெயரோடு லாயிட்ஸ் இன்சூரன்சுச் சந்தை இன்றும் லண்டனில் நடக்கிறது.

காப்பி முக்கியம் அல்ல. கூடுவதுதான் முக்கியம். அதற்கும் ஓர் உதாரணம் உண்டு.

1975 மார்ச் 5ந் தேதி. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊர். கார்டன் பிரெஞ்சு என்பவரின் கார் கொட்டகையில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்ய ஆசைப்பட்டவர்கள் அவர்கள். பிறகு அடிக்கடி கூடினார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவருக்குக் காட்டினார்கள்.

அந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். தாம் செய்த கம்ப்யூட்டரைப் பின்னர் அந்தக் கூட்டத்தில்தான் காட்டினார். 1976ல் "ஆப்பிள்" கம்பெனி பிறந்தது!

தமிழ்நாட்டில் முடியாதா?

"அது அமெரிக்கா. இது திருத்தணி" என்று சிலர் சொல்லலாம்.

திருச்சியில் வளர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010ல் சென்னையில் ஒரு கம்பெனி தொடங்கினார். இப்போது அதன் பெயர் "பிரெஷ்வொர்க்ஸ்". 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது.

ஸ்ரீதர் வேம்புவின் "ஜோஹோ" கம்பெனி 2011ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. இப்போது மத்தளம்பாறை கிராமத்தில் உட்கார்ந்து உலகம் முழுவதும் பயன்படும் கம்ப்யூட்டர் வேலை செய்கிறார்கள்!

கிராமத்தில் முடியும் என்றால் திருத்தணியில் முடியாதா? ரெயில் இருக்கிறது. கல்லூரிகள் இருக்கின்றன. வேலையும் கொட்டிக் கிடக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருகிறார்கள். கூட்டத்தில் குழந்தை காணாமற் போனால் உடனே கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டாமா? வண்டியை எங்கே நிறுத்துவது என்று வழியிலேயே சொல்ல வேண்டாமா?

திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயியின் கஷ்டத்தைச் சென்னையில் இருப்பவர் அறிவாரா? உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

வெட்டிப் பேச்சா?

"காப்பிக் கடையில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சுப் பேசினால் குடும்பம் உருப்படுமா?" பெரியவர்கள் இப்படிக் கேட்பார்கள்.

அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. ஆகவே கூட்டத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

கிழமை மாறக் கூடாது. நேரம் மாறக் கூடாது. பத்துப் பேர் வந்தாலும் கூட வேண்டும். இரண்டே பேர் வந்தாலும் கூட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒருவருடைய தொழில். அதைப் பற்றித்தான் பேச்சு.

பொன்னாடை வேண்டாம். மாலை வேண்டாம். தலைமை உரை வேண்டவே வேண்டாம்!

அவரவர் காப்பிக்கு அவரவர் காசு. ஒரு காப்பி 20 ரூபாய் என்றே வைத்துக் கொள்ளுங்கள். வாரம் ஒன்று வீதம் 52 வாரத்துக்கு 1,040 ரூபாய். ஒரு வருடத்துப் படிப்புக்கு இது அதிகமா?

"யோசனையைத் திருடி விட்டால்?" என்று சிலர் பயப்படுவார்கள். யோசனை எல்லோரிடமும் இருக்கிறது. செய்து முடிக்கிறவர்தான் குறைவு. பாங்குக் கணக்கையும் வாடிக்கைக்காரர் பட்டியலையும் காட்டாமல் இருந்தால் போதும்.

நகையைக் காப்பாற்றும் மேசை

ஒன்றை மறைக்கக் கூடாது. புதுத் தொழில்களில் பல, பாதி வழியிலேயே நின்று விடும். காப்பி குடித்தால் முதல் கிடைத்து விடாது. லாபம் வந்து விடாது.

அப்படியானால் கூட்டம் எதற்கு?

"இது ஓடாது. இதோடு நிறுத்து" என்று சொல்ல ஒரு நண்பர் வேண்டும். அதற்குத்தான்!

தனியாக இருப்பவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார். கடன் மேல் கடன் வாங்குகிறார். மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. பிறகு வீட்டுப் பத்திரம் போகிறது. நாலு பேரோடு உட்கார்ந்து உண்மையைப் பேசுகிறவர், நகை பெட்டியில் இருக்கும்போதே விழித்துக் கொள்வார்.

மோசடிக்காரரும் வருவார். "முதல் வாங்கித் தருகிறேன். முன்பணம் கொடு" என்பார். தனியாக இருப்பவர் ஏமாறுவார். ஐந்து பேர் சேர்ந்திருந்தால், "இந்த ஆளை எனக்குத் தெரியும்" என்று ஒருவராவது சொல்வார்.

அரசாங்க உதவியும் இப்படித்தான் காதுக்கு எட்டும். தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கம் "டான்சீட்" திட்டத்தில் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு ரூ.10 லட்சம் கொடுத்திருக்கிறது. பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கு ரூ.15 லட்சம்! விண்ணப்பம் போட்டவர் ஒருவர் மேசையில் இருந்தால், மற்ற ஒன்பது பேருக்கும் வழி தெரிந்து விடும்.

மேசையில் யாருக்கு இடம்?

இதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் காப்பிக் கடைகளில் சாதி பார்த்து இடம் கொடுத்தார்கள். 1957ல் கூடச் சென்னை திருவல்லிக்கேணியில், ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. அந்தச் சுவர் மறுபடியும் எழக் கூடாது.

இன்று இன்னொரு சுவர் எழும்புகிறது. அதற்குப் பெயர் இங்கிலீஷ்! நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் நாற்காலி. பேசாவிட்டால் நிற்க வேண்டியது. இது கூடாது. தறிக்காரர் மகனும் தமிழில் தன் யோசனையைச் சொல்ல வேண்டும்.

பெண்களை மறக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்குச் சாலையோரக் கடையில் கூட்டம் போட்டால் எந்தப் பெண் வருவாள்? பகலில் கூடுங்கள். கல்லூரி அறையிலோ, நூலகத்திலோ, குடும்பத்தோடு போகும் ஓட்டலிலோ கூடுங்கள். பெண் தனியாக வந்து, பேசி, பொழுதோடு வீடு திரும்பும்படி இருக்க வேண்டும்.

தெலுங்கு பேசுகிறவருக்கும் இடம் வேண்டும். திருத்தணி எல்லைக்காக ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைத் தகராறு தீர்ந்தது. இப்போது எல்லை ஒரு லாபம்! நகரியிலும் தறிகள் உண்டு; புத்தூரிலும் கடைகள் உண்டு. இரண்டு மொழியிலும் வேலை செய்யும் ஒரு பொருளைத் திருத்தணிப் பிள்ளை செய்வதுபோல் வேறு யார் செய்ய முடியும்?

படி ஏறுங்கள்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்துக்கு 365 நாட்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

காவடி எடுப்பவர்கள் கூட்டமாகத்தான் ஏறுகிறார்கள். மூச்சு வாங்கினால் ஒருவர் கை கொடுக்கிறார். "இன்னும் கொஞ்சம்தான்" என்று இன்னொருவர் தைரியம் சொல்கிறார். படி ஏறுவது என்னவோ அவரவர் கால்தான். ஆனாலும் துணை இருந்தால் கால் வலி தெரிவதில்லை.

தொழிலும் அப்படித்தான்.

தாய்மார்களே! அடுத்த சனிக்கிழமை உங்கள் பிள்ளை, "நாலு பேரைப் பார்க்கப் போகிறேன்" என்று கிளம்பினால் திட்டாதீர்கள். உங்கள் பெண் கிளம்பினாலும் தடுக்காதீர்கள்.

காப்பிக்கு இருபது ரூபாய் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும், "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள்.

பதில் இருந்தால், அது வெட்டிப் பேச்சு அல்ல!