துப்பாக்கியா நம்மை வென்றது?

‘நாலு வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு வந்தான், வாளும் வேலும் வைத்திருந்த நாம் தோற்றோம்.’ பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் கேட்டுக் கேட்டு நாம் இதை நம்பிவிட்டோம். இது பொய் என்பதற்கு விக்கிரவாண்டி மண்ணே சாட்சி.

1752 ஜூலையில், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பியது ஆங்கிலக் கம்பெனிப் படை. தலைமை மேஜர் கின்னீர். கோட்டையை அசைக்க முடியாமல் திரும்பிய அவரை விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படை முறியடித்தது. துப்பாக்கி இரு தரப்பிலும் இருந்தது. அதைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்குச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள். சண்டையின் வேரும் ஐரோப்பாவில் மட்டும் இல்லை. ஆர்க்காட்டு நவாப் பதவி முகமது அலிக்கா, சந்தா சாகிபுக்கா என்ற போட்டியில்தான் ஆங்கில, பிரெஞ்சுக் கம்பெனிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றன.

1746-இல் அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படை நவாபின் பெரும்படையை விரட்டியதே என்பார்கள். உண்மைதான். வரிசை கலையாமல் சுடும் பயிற்சி அன்று பெரிய பலம். ஆனால் அதை நம்மவர்கள் சில ஆண்டுகளிலேயே கற்றுக்கொண்டார்கள். கம்பெனியின் சிப்பாய்ப் படையை நடத்திய யூசுப்கான் பிறகு அதே கம்பெனியை எதிர்த்து மதுரையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார். 1764-இல் அவரைப் பிடித்துக் கொடுத்தது அவருடைய ஆட்களே. 1780-இல் பொள்ளிலூரில் மைசூரின் ஹைதர் அலியின் படை, ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் பெய்லி நடத்திய படையையே அழித்தது.

கடல் கடந்த பெரு நாட்டைப் பற்றியும் இதே கதைதான் சொல்லப்படுகிறது. 1532-இல் 168 ஸ்பானியர் இன்கா பேரரசைச் சாய்த்தார்களாம். அப்போதுதான் இன்கா அரச சகோதரர்களான அத்தாவல்பாவும் உவாஸ்காரும் அரியணைக்காக மோதி முடித்திருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த நோயும் அந்த மக்களைத் தின்றது. இன்காக்களின் அதிகாரத்தை வெறுத்த கன்யாரி, உவாங்கா மக்கள் ஸ்பானியருக்குப் படையும் உணவும் கொடுத்தார்கள். அந்தக் கூட்டாளிகளை எண்ணாமல் 168 பேரை மட்டும் எண்ணுவது நேர்மையான கணக்கா?

நம் நாட்டிலும் இப்படியொரு கணக்கு விட்டுப்போனது, பணக் கணக்கு. போர்ச் செலவு, ஆங்கிலக் கம்பெனியின் ஆதரவில் நவாபான முகமது அலியின் தலையில் கடனாக ஏறியது. 1763-இல் செங்கல்பட்டு, வரி வசூல் உரிமையோடு ஜாகீராகக் கம்பெனிக்குப் போனது. 1781-இல் நவாபின் ஆட்சிப்பகுதியான ‘கர்நாடக’த்தின் வருவாயே அதன் கைக்குப் போனது. 1801-இல் ஓர் உடன்படிக்கையோடு நவாபின் ஆட்சியே முடிந்தது. உழவன் கட்டிய வரி அவன் நாட்டையே வாங்கப் பயன்பட்டது.

துப்பாக்கிக் கதை நம் முன்னோரைக் கையாலாகாதவர்களாக்குகிறது. ஊர்களை அடகு வைத்தவர்களையோ பழியிலிருந்து தப்பவிடுகிறது. செஞ்சிக் கோட்டையில் ஏறும் பிள்ளைகளுக்கு யாரிடம் எத்தனை பீரங்கி இருந்தது என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பீரங்கிக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தது யார், அந்தப் பணம் எந்த வயலில் விளைந்தது என்று கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.